கொடிப் பட்டியலில் இல்லாத நாடு

கடந்த ஜூலை மாதத்தில், வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்தவர்களின் செருப்புகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் அலுவலக வாசலை அடைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்காவின் மகன் வந்து சேர்ந்தான். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். படிவம் 16ஐ என்னிடம் நீட்டிவிட்டு, கைப்பேசியையும் மேசைமேல் வைத்து, "மாமா, இந்த எக்ஸ்சேஞ்ச் இந்தியாவுல லீகல்தானே?" என்று கேட்டான். பணத்தைப் போடுவதற்கு முன் கேட்பவர்கள் "லீகலா?" என்று கேட்பார்கள், போட்டுவிட்டுக் கேட்பவர்கள்தான் "தானே" சேர்ப்பார்கள்.

அவன் காட்டியது பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கவும் விற்கவும் உதவும் ஒரு தளம், அதைத்தான் எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. புதுக் கணக்குத் தொடங்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். "வசிக்கும் நாடு" என்ற கட்டத்தைத் தொட்டதும் சிறு சிறு கொடிகளோடு நீண்ட பட்டியல் ஒன்று விரிந்தது. ஆங்கில அகர வரிசையில் ஐஸ்லாந்துக்கு அடுத்து நேராக இந்தோனேசியா இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வரவேண்டிய நம் கொடியைக் காணவில்லை. நான் தவறவிட்டேனோ என்று விரலால் மேலும் கீழும் இருமுறை தள்ளிப் பார்த்தேன், இல்லை. பிறகு எப்படிக் கணக்குத் தொடங்கினாய் என்று கேட்டதற்கு, டெலிகிராம் குழுவில் இருந்த ஒருவர் ஐக்கிய அரபு அமீரகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதாகவும், இந்தியக் கைப்பேசி எண்ணைக் கொடுத்தபோதும் ஓடிபி ஒழுங்காக வந்ததாகவும், ஆகவே பிரச்சினை இருக்காது என்று நினைத்ததாகவும் சொன்னான். கணக்குத் திறந்ததை அவன் அனுமதி என்று எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு இதே கேள்வியோடு இன்னும் நான்கைந்து பேர் வந்துவிட்டதால், நான் பார்க்கும் முறையை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. "இந்த எக்ஸ்சேஞ்ச் நம் நாட்டில் உண்டா?" என்பது கேட்பதற்கு ஒரே கேள்வி போல இருந்தாலும், அதற்குள் மூன்று கேள்விகள் உள்ளன. செயலி நம் கைப்பேசியில் திறக்கிறதா என்பது முதலாவது. அந்த நிறுவனம் நம் நாட்டில் வசிப்பவரை வாடிக்கையாளராக ஏற்பதாகத் தன் விதிமுறைகளில் எழுதியிருக்கிறதா என்பது இரண்டாவது. நம் அரசிடம் அந்த நிறுவனம் பதிவு செய்துகொண்டிருக்கிறதா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குக் கிடைத்த "ஆம்" மற்ற இரண்டுக்கும் விடையாகிவிடாது. பெரும்பாலோர் பணத்தை இழப்பது அந்த இடத்தில்தான்.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. புதுச்சேரியிலிருந்து வரும் சாலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முள்ளோடைக் கடையில் வாங்கும் மது பாட்டில் அங்கே சட்டப்படி விற்கப்படுவதுதான். ரசீதும் கேட்டால் கொடுப்பார்கள். அதே பாட்டிலோடு தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் நிறுத்தப்பட்டால் அந்த ரசீதைக் காட்டி வாதாட முடியாது. சரக்கு மாறவில்லை, கடை மாறவில்லை, நாம் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. கிரிப்டோவைப் பொறுத்தவரை முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான், ஏனெனில் இது தொடர்பான சட்டங்கள் எல்லாம் மத்திய அரசுடையவை. எல்லைக் கோடு நாட்டுக்கு நாடு வருகிறது.

நம் நாட்டின் நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரல் 6ஆம் நாள், மெய்நிகர் நாணயங்களில் ஈடுபடுவோருக்குச் சேவை அளிக்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் நாள் ரத்து செய்தது. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம், கிரிப்டோவைக் குறிக்க "மெய்நிகர் டிஜிட்டல் சொத்து" என்ற சொல்லை வருமான வரிச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, அதன் லாபத்துக்கு 30 சதவீத வரியும், 2022 ஜூலை 1 முதல் விற்பனையின்போது 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் விதித்தது. இதை வைத்துக்கொண்டு "வரி வாங்குகிறார்கள், அப்படியென்றால் அங்கீகரித்துவிட்டார்கள்" என்று பேசுவோர் உண்டு. வரி விதிப்பது அங்கீகாரம் ஆகாது. சட்டவிரோதமாகச் சம்பாதித்த வருமானத்துக்கும் வரி உண்டு என்பதை எங்கள் தொழிலில் இருக்கும் எவரும் சொல்வார்கள். வாங்குவதும் வைத்திருப்பதும் இங்கே குற்றம் அல்ல. அதே நேரம் கிரிப்டோ செல்லுபடியாகும் பணமும் அல்ல. இந்த இடைநிலையில்தான் நம் நாடு இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சைப் பற்றிய கேள்விக்கு உண்மையில் உதவுவது 2023 மார்ச் 7ஆம் நாள் நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை. மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளை ரூபாய்க்கு மாற்றித் தருவது, ஒன்றுக்கொன்று மாற்றித் தருவது, பிறருக்காகப் பாதுகாத்து வைப்பது போன்ற சேவைகளை, 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அந்த அறிவிக்கை கொண்டுவந்தது. அதன்படி இத்தகைய நிறுவனங்கள் நிதி நுண்ணறிவுப் பிரிவிடம், அதாவது எஃப்ஐயுவிடம், தகவல் அளிக்கும் நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தக் கடமை செய்யும் தொழிலைப் பொறுத்தது. இந்தியாவில் அலுவலகம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல என்று அரசு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே, "நாங்கள் செஷல்ஸ் தீவில் பதிவான நிறுவனம், இந்தியச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு தளம் சொல்லிக்கொண்டே இந்தியர்களுக்கு விற்றால், அது விதியை மீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இது வெறும் காகிதச் சட்டமாக இருந்துவிடவில்லை. 2023 டிசம்பர் 28ஆம் நாள் பைனான்ஸ், குகாயின், கிராக்கன், பிட்ஃபினெக்ஸ் உட்பட ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எஃப்ஐயு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதோடு, அவற்றின் இணையதளங்களை முடக்கும்படி தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் எழுதியது. 2024 ஜனவரியில் அவற்றின் செயலிகள் ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. அதற்குப் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். குகாயின் அபராதம் கட்டிப் பதிவு செய்துகொண்டது. பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அது பதிவு பெற்றதாக அறிவித்தது. ஓகேஎக்ஸ் இந்திய வாடிக்கையாளர்களின் கணக்குகளை 2024 ஏப்ரல் 30க்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி வெளியேறியது. பைபிட் 2025 ஜனவரியில் சேவையை நிறுத்தி, 9.27 கோடி ரூபாய் அபராதத்துக்கு உள்ளாகி, பிறகு பதிவோடு திரும்பியது. ஒரே நிறுவனத்தைப் பற்றி ஜனவரியில் எழுதப்பட்ட விடையும் ஆகஸ்டில் எழுதப்பட்ட விடையும் நேரெதிராக இருந்திருக்கும். இரண்டும் எழுதப்பட்ட நாளில் சரியாகவே இருந்திருக்கும். எனவே யூடியூபில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பேசிய காணொளியை நம்பி முடிவெடுப்பது, போன வருடத்துப் பேருந்து நேர அட்டவணையை நம்பிப் புதிய பேருந்து நிலையத்தில் நிற்பதைப் போன்றது. தவிர, அந்தக் காணொளிகளின் அடியில் இருக்கும் இணைப்பு வழியாக நாம் கணக்குத் தொடங்கினால் பேசியவருக்குக் கமிஷன் போகும். "உங்கள் நாட்டில் உண்டு" என்று சொல்வதில் அவருக்கு ஒரு வரும்படி இருக்கிறது.

எஃப்ஐயுவிடம் பதிவான நிறுவனங்களின் பெயர்களைத் தேடும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பதிவு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நமக்குத் தெரிந்தது செயலியின் பெயர். காயின்டிசிஎக்ஸ் என்பது நெப்லியோ டெக்னாலஜீஸ். காயின்ஸ்விட்ச் என்பது பிட்சைஃபர் லேப்ஸ். வாசிர்எக்ஸ் என்பது சான்மாய் லேப்ஸ். செயலியின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், பதிவான நிறுவனத்தை இல்லை என்று தள்ளிவிடவும் கூடும். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்திருக்கும் போலியை உண்டு என்று நம்பிவிடவும் கூடும். ஆகவே நான் முதலில் செயலியின் விதிமுறைப் பக்கத்துக்குப் போய், "இந்த ஒப்பந்தம் உங்களுக்கும் யாருக்கும் இடையில் ஏற்படுகிறது" என்பதைச் சொல்லும் பத்தியைக் கண்டுபிடித்து, அந்த முழுப் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். அதன் பிறகே பட்டியலைத் திறக்கிறேன். விதிமுறைப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரே இல்லை என்றால் பட்டியலைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த விதிமுறைப் பக்கம் எவரும் படிக்காத பக்கம், ஆனால் தகராறு வரும்போது நிறுவனம் முதலில் காட்டும் பக்கமும் அதுதான். தடைசெய்யப்பட்ட நாடுகள் என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். சில நிறுவனங்கள் அதைத் தனிப் பக்கத்தில் வைத்து ஓர் இணைப்பை மட்டும் கொடுத்திருக்கும். கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்க்க வேண்டும். வழக்கு வந்தால் எந்த நாட்டில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். விபிஎன் போன்றவற்றால் இருப்பிடத்தை மறைத்தால் கணக்கை முன்னறிவிப்பின்றி முடக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், பெரும்பாலும் எழுதியிருக்கும். நாட்டின் பெயரை மாற்றிக் கொடுப்பவர், தன் பணத்தை நிறுத்தி வைப்பதற்கான காரணத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வேறொரு வடிவத்திலும் வருகிறது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. அக்கா வீட்டுத் தெருவில், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த ஒரு சொல்தா ஐயா இருக்கிறார். பாரிஸில் இருக்கும் அவருடைய மகன் ஓர் எக்ஸ்சேஞ்சைச் சொல்லி, அங்கே அது முறைப்படி பதிவானது என்பதால் அப்பாவும் தாராளமாகச் சேரலாம் என்று சொல்லியிருக்கிறார். மகன் சொன்னதில் பொய் இல்லை. பிரான்ஸ் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இத்தகைய நிறுவனங்களுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அங்குள்ள நிதிச் சந்தை ஆணையம் அனுமதி பெற்றவர்களின் பட்டியலையும், எச்சரிக்கைக்குரியவர்களின் கருப்புப் பட்டியலையும் வெளியிடுகிறது. 2024 டிசம்பர் 30 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் மைகா என்ற பொது விதி இந்நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது; ஒரு நாட்டில் உரிமம் பெற்றவர் மற்ற உறுப்பு நாடுகளிலும் சேவை தரலாம். ஆனால் அந்த உரிமத்தின் எல்லை ஐரோப்பாவோடு முடிகிறது. ஐயாவின் கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தாலும் அவர் வசிப்பது முத்தியால்பேட்டையில். எக்ஸ்சேஞ்ச் கேட்பது வசிக்கும் இடத்தின் சான்றை. நம் சட்டம் பார்ப்பதும் அதையே. பாஸ்போர்ட்டின் நிறத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடினால் தவறான கதவைத் தட்டுகிறோம்.

இதன் மறுபக்கத்தைப் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒருவரிடம் பார்த்தேன். குவைத்தில் வேலை, விடுமுறையில் ஊருக்கு வந்த மூன்று வாரங்களில் இந்தியாவில் பதிவான தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கியிருந்தார். இங்கிருந்தவரை அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குவைத் 2023 ஜூலையில் கிரிப்டோவைப் பணம் செலுத்தவோ முதலீட்டுக்கோ பயன்படுத்துவதையும், கணினிகளை ஓட்டி அதைப் புதிதாக உருவாக்கும் மைனிங்கையும் முற்றாகத் தடை செய்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருக்கும் துபாயில் 2022 முதல் இதற்கென்றே தனி ஆணையம் இருக்கிறது, உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். சிங்கப்பூரில் நாணய ஆணையத்தின் நிறுவனப் பட்டியலில் தேட வேண்டும். "வளைகுடாவில் எல்லாம் உண்டு" என்று மொத்தமாகப் பேசுவது ஊர்ப் பேச்சுக்கு ஆகும், பணத்துக்கு ஆகாது.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். எஃப்ஐயு பதிவு என்பது, அந்த நிறுவனம் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும், சந்தேகத்துக்கு இடமான பரிமாற்றங்களை அரசுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. நம் பணத்துக்கு அது காப்பீடு ஆகாது. வங்கி வைப்புக்கு இருக்கும் பாதுகாப்பும் இங்கே கிடையாது, பங்குச் சந்தைக்கு இருக்கும் செபியின் மேற்பார்வையும் கிடையாது. வாசிர்எக்ஸ் பதிவான நிறுவனம்தான். 2024 ஜூலை 18ஆம் நாள் நாணயங்களை வைத்திருக்கும் டிஜிட்டல் பணப்பையான அதன் ஒரு வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின.

அப்படியானால் பதிவு எதற்குப் பயன்படும் என்று கேட்பது நியாயமே. அதற்கான விடையை 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பார்க்கலாம். புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் இது இரண்டு ஊர்களுக்கும் பொருந்துகிறது. அந்தத் திருட்டில் களவு போகாத வேறு நாணயங்களை வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், தன் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருக்கிறது, தகராறைத் தீர்த்துக்கொள்ளும் இடமும் அதுவே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்து, அதை ஒருவர் உடைமையாகக் கொள்ளவும் பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கவும் முடியும் என்று கூறி, பரிமாற்றம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து நடந்திருப்பதையும், இங்குள்ள நிறுவனம் எஃப்ஐயுவிடம் பதிவு பெற்றிருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். பதிவான நிறுவனத்தோடு தகராறு என்றால் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி இருக்கிறது, கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். என் அக்கா மகனுக்கு இருப்பது ஓர் அரட்டைப் பெட்டி.

பான் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஒழுங்காக இயங்கும் தளம் கணக்குத் தொடங்கும்போதே பான் கேட்கும், நாம் விற்கும்போது 1 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டும், அது நம் பெயரிலான வரிப் பிடித்த அறிக்கையில் வந்து உட்காரும். பான் கேட்காததை ஒரு வசதி என்று விளம்பரப்படுத்தும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வசதிக்கான விலையைப் பிற்பாடு கொடுக்க நேரிடும். குறிப்பாக, பதிவில்லாத தளங்களில் ரூபாயை நேரடியாகப் போட வழி இருக்காது. முன்பின் தெரியாத ஒருவருக்கு யுபிஐயில் பணம் அனுப்பி அவரிடமிருந்து, டாலர் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியை வாங்க வேண்டியிருக்கும். விற்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும்: யாரோ ஒருவர் நம் கணக்குக்குப் பணம் அனுப்புவார். கடலூரில் துணிக்கடை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி விற்றதில், வந்த பணம் வேறொரு மாநிலத்தில் யாரோ ஏமாற்றிப் பறித்த பணம் என்று தெரியவந்து, அவருடைய நடப்புக் கணக்கு முடக்கப்பட்டது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் சரக்குக்குக் காசோலை கொடுக்க முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஏமாந்தது தெரிந்த உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். தன் கணக்கிலேயே அந்தப் புகாரின் மறுமுனை வந்து நிற்கும் என்று அந்தத் துணிக்கடைக்காரர் எதிர்பார்த்திருக்கவில்லை.

அக்கா மகன் போட்டது 15,000 ரூபாய். திரையில் 166 யுஎஸ்டிடி இருப்பு என்று காட்டுகிறது. எடுப்பதற்கான பொத்தானைத் தொட்டால், ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பதற்கான சான்று கேட்கிறது. அரட்டைப் பெட்டியில் உண்மையைச் சொல்லி எழுதிப் பார்க்கச் சொன்னேன், எழுதினான். தடைசெய்யப்பட்ட நாடுகளைப் பற்றிய பத்தியை அப்படியே எடுத்து ஒட்டி, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. துபாயில் இருக்கும் நண்பனின் மின்கட்டண ரசீதை வாங்கித் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிடவா என்று என்னிடம் கேட்டான். இதுவரை செய்தது தவறான தேர்வு, இனி செய்யப் போவது போலி ஆவணம் என்று சொல்லி அதை அன்றே நிறுத்திவிட்டேன்.

விற்கவில்லை என்பதால் லாப வரி எதுவும் இல்லை. முடங்கிய தொகையை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருவதில்லை. பணத்தை மே மாதத்தில் போட்டிருப்பதால், மார்ச்சோடு முடிந்த அந்த ஆண்டுக் கணக்கில் அதைக் காட்ட வேண்டிய தேவை எழவில்லை. படிவம் 16ஐ வைத்து எளிய வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர் 1இல் பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பினேன். வெளிநாட்டுத் தளத்தில் கிடப்பதை வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் காட்டிவிடுவது என் வழக்கம், அப்படிக் காட்டுபவருக்கு ஐடிஆர் 1 உதவாது. எனவே அடுத்த முறை, கைக்கு வராத அந்த 166 யுஎஸ்டிடிக்காக அவனுக்கு ஐடிஆர் 2 போட வேண்டியிருக்கும். அந்த 15,000 ரூபாய் போன நாளின் வங்கி அறிக்கையையும், கொடிப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் அச்செடுத்து அவனுடைய கோப்பில் இப்போதே வைத்துவிட்டேன்.